பாடசாலையில் வாழ்க்கைப் பாடமும் வேண்டுமா?

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டங்களுக்குப் போனால் இன்றைக்கும் இதே பேச்சைத்தான் கேட்கிறோம். "பதினோரு வருசம் ஸ்கூலுக்குப் போன புள்ளைக்கு ஒரு பாரம் நெரப்பத் தெரியல. பேங்குக்குப் போனா அடுத்தவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்குது. அப்ப அங்க என்னத்ததான் சொல்லிக் குடுக்குறாங்க?" என்று ஒரு தாய் கேட்பார். உடனே இன்னொரு பக்கத்தில் இருந்து பதில் வரும். "எம்புள்ளைக்குத் தோட்டம் கொத்துறதும் தையலும் படிச்சுக் குடுக்க வேணாங்க. அது எங்களுக்கே தெரியும். டவுன் புள்ள படிக்கிற கணக்கையும் விஞ்ஞானத்தையும் எம்புள்ளைக்கும் படிச்சுக் குடுங்க, அது போதும்."

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒருவர் சொல்வதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவரை ஒதுக்கிவிட்டால் பிள்ளைக்குத்தான் நட்டம். ஆகவே இந்த இதழில் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது

"வாழ்க்கைக்கு உதவும் கல்வி" என்ற பேச்சு வந்தாலே சில பெற்றோருக்கு ஏன் பயம் வருகிறது? நம் தோட்டப் பாடசாலைகளின் பழைய கதையைத் தெரிந்தவர்களுக்கு அது புரியும்.

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டப்படி, தோட்டத்தில் வேலை செய்வோரின் 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுக்கத் தோட்டத்துரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இருந்தது. பத்து வயதோடு படிப்பு சரி. பெரும்பாலும் ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. பெயர் எழுதவும் கொஞ்சம் கூட்டவும் தெரிந்தால் போதும், பிறகு மலைக்குப் போகலாம் என்பதுதான் அன்றைய எண்ணம். 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் பல காலம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. 1977 தொடக்கம்தான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. நம் தாத்தா பாட்டிமாருக்கு "இவ்வளவு போதும்" என்று அளந்து கொடுக்கப்பட்ட கல்வி அது. அந்த அளவுகோல் மறுபடியும் வந்துவிடுமோ என்று ஒரு தகப்பன் பயந்தால் அதில் தப்பில்லை.

நாட்டின் மற்றப் பகுதிகளிலும் இப்படி நடந்திருக்கிறது. 1930களில் கண்டிக்குக் கிட்ட ஹந்தெஸ்ஸையில், கிராம வாழ்க்கையோடு சேர்ந்த கல்வி என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் பெற்றோர் விரும்பவில்லை. நல்ல உத்தியோகத்துக்கு ஆங்கிலப் படிப்பு வேண்டும் என்ற காலத்தில், தங்கள் பிள்ளைக்கு மட்டும் கிராமத்துப் படிப்பா என்று கேட்டார்கள். பிறகு 1972இல் பெரிய சீர்திருத்தம் ஒன்று வந்தது. ஊரில் உள்ள தொழிலை ஒட்டிய பாடங்களை எல்லாப் பாடசாலைகளிலும் சேர்த்தார்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் பதிலாகப் புதிய பரீட்சையும் வைத்தார்கள். 1977இல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது.

இதில் இருந்து நாம் படிக்க வேண்டியது ஒன்றுதான். கணக்கு, மொழி, விஞ்ஞானம் ஆகியவற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கைவேலையை வைத்தால் ஏழைப் பெற்றோர் அதை நம்பமாட்டார்கள். நம்பவும் கூடாது.

அப்படியென்றால் என்ன செய்வது? கணக்குப் பாடத்தை விடாமல், அந்தக் கணக்குக்குள்ளேயே நம் வாழ்க்கையைக் கொண்டுவர வேண்டும். தமிழ்ப் பாடத்தை விடாமல், அந்தத் தமிழிலேயே ஒரு விண்ணப்பம் எழுதப் பழக்க வேண்டும். நாம் சொல்ல வருவது இதைத்தான். கீழே சில எடுத்துக்காட்டுகளைத் தருகிறோம்.

சம்பளத் துண்டே ஒரு கணக்குப் புத்தகம்

ஏழாம் எட்டாம் வகுப்பில் பிள்ளைகள் சதவீதக் கணக்குப் படிக்கிறார்கள். "ஒரு வியாபாரி 20 வீத இலாபத்துக்கு மாம்பழம் விற்றால்" என்று கணக்குத் தொடங்கும். மாம்பழக் கணக்கு இருக்கட்டும். அதோடு வீட்டில் இருக்கும் சம்பளத் துண்டையும் ஒரு நாள் மேசையில் வைத்தால் என்ன?

கணக்கை இப்படிப் போட்டுப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்குப்படி ஒரு மாதம் 22 பேர் போட்டிருந்தால் 22ஐ 1,350ஆல் பெருக்கினால் 29,700 ரூபா. சம்பளம் கூடினாலும் கணக்குப் போடும் முறை மாறாது, தொகைதான் மாறும்.

இதில் ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈ.பி.எப்.புக்கு, நம் சம்பளத்தில் இருந்து 8 வீதம் கழிப்பார்கள். 29,700இல் 8 வீதம் 2,376 ரூபா. இத்தோடு தொழில் கொடுப்பவர் தன் கையில் இருந்து 12 வீதம் போட வேண்டும். அது 3,564 ரூபா. ஆகவே அந்த ஒரு மாதத்துக்கு நம் பெயரில் ஈ.பி.எப்.புக்குப் போக வேண்டிய தொகை 5,940 ரூபா. அதைவிட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, அதாவது ஈ.டி.எப்., என்று இன்னொன்று இருக்கிறது. அதற்குத் தொழில் கொடுப்பவர் 3 வீதம் போட வேண்டும், 891 ரூபா. இந்த 12 வீதத்தையும் 3 வீதத்தையும் நம் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. "எல்லாமே எங்க காசுலதான வெட்டுறாங்க" என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஆட்கள் இன்னும் நிறையப் பேர். அது சரியில்லை. ஈ.பி.எப். சட்டம் 1958இலும் ஈ.டி.எப். சட்டம் 1980இலும் வந்தவை. இத்தனை வருடமாகியும் நம் வீடுகளில் இந்தக் கணக்குத் தெரியாமல் இருப்பது நல்லதில்லை.

இப்போது ஒரு பிள்ளை வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சதவீதமும் படித்துக்கொண்டது, தாயின் சம்பளத் துண்டையும் வாசித்தது. வீட்டுக்கு வந்து, "அம்மா, இந்த மாசம் 22 பேர்னு சொன்னீங்க, இதுல 20தான போட்டிருக்கு" என்று கேட்கும். பேர் எத்தனை, அரைப்பேர் எத்தனை, கூடின கொழுந்துக்கு எவ்வளவு, கைக்காசு எவ்வளவு, முற்பணம் எவ்வளவு கழிந்தது, சந்தா எவ்வளவு, கோயில் காசு எவ்வளவு என்று வரிசையாகப் பார்க்கும். பிழை இருந்தால் அந்த மாதமே ஆபீசில் கேட்கலாம். ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் யார் தேடிக் கொடுப்பார்கள்?

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கும் கொடுக்கலாம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருடமாவது வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு, ஒவ்வொரு வருட சேவைக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 14 நாள் சம்பளம் வீதம் சேவைக்காலப் பணம் கிடைக்க வேண்டும். 30 வருடம் வேலை செய்த ஒரு தாய்க்கு 420 நாள் சம்பளம். நாளுக்கு 1,350 என்றால் 5,67,000 ரூபா. முப்பது வருடம் கூடை சுமந்தவருக்குச் சேர வேண்டிய பணம் அது. அதைக் கணக்குப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா?

ஆள் ஒன்று, பெயர் மூன்று

நமது அலுவலகத்துக்கு வரும் பிரச்சினைகளில் அடிக்கடி வருவது பெயர்ப் பிரச்சினை. பிறப்புச் சான்றிதழில் செல்லம்மா, அடையாள அட்டையில் சல்லமா, ஈ.பி.எப். பதிவில் செல்லாயி. ஆள் ஒருவர்தான். ஆனால் காகிதத்தில் மூன்று பேர். வேலையில் இருக்கும் வரைக்கும் அது தெரியாது. ஓய்வு பெற்று, பணத்துக்கு விண்ணப்பம் போடும்போதுதான் தெரியும். ஈ.பி.எப். பணத்தைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். அந்த வயதில் சத்தியக் கடதாசி முடிக்கவும், பிரதேச செயலகத்துக்கும் தொழில் திணைக்கள அலுவலகத்துக்கும் பஸ் ஏறி அலையவும் யாரால் முடியும்? கணவரோ மனைவியோ இறந்துபோய் மற்றவர் கேட்டு வந்தால் சிக்கல் இன்னும் கூடிவிடும்.

இது ஏன் நடக்கிறது? நம் பெயரை வேறொருவர் காதால் கேட்டுத் தனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதினார். எழுதினதை நாம் வாசித்துப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி யாரும் நமக்குப் பழக்கவும் இல்லை. நம் சமூகத்துக்குக் காகிதம் சாதாரண விஷயம் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்த நாள் முதல், 2003இல் எஞ்சியிருந்தவர்களுக்கும் உரிமை கொடுக்கும் சட்டம் வரும் வரைக்கும், ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் எத்தனை குடும்பம் அல்லற்பட்டது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இதைப் பாடசாலையில் பழக்கலாம். பிறப்புச் சான்றிதழின் போட்டோப் பிரதியைக் கொண்டுவரச் சொல்லி, தன் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த திகதி ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஒரே மாதிரி எழுதப் பழக்கினால் போதும். 15 வயதில் அடையாள அட்டைக்குப் பாடசாலை அதிபர் மூலமாகவே விண்ணப்பம் போடலாம். அந்தப் பாரத்தை ஆசிரியரோ அப்பாவோ நிரப்பிக் கொடுக்காமல், பிள்ளையே முதலில் பென்சிலால் நிரப்பட்டும். பிழையைத் திருத்தியபின் பேனையால் எழுதட்டும்.

அடையாள அட்டை எண்ணிலேயே ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் 2016க்குப் பிறகு வந்த 12 இலக்க எண்ணில் முதல் நான்கு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கமும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். பெப்ரவரி 10 என்பது ஆண்டின் 41ஆவது நாள். ஆகவே அன்று பிறந்த ஆண்பிள்ளைக்கு 041 என்றும் பெண்பிள்ளைக்கு 541 என்றும் வரும். நாளைக் கணக்கிடும்போது எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி இருக்கும். அதே நேரம் அம்மாவின் அட்டையில் பிறந்த திகதியும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடனும் வட்டியும்

எளிய வட்டி, கூட்டு வட்டி என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் லயத்துக்கு வரும் கடன் அந்தப் பெயரில் வருவதில்லை. "நூத்துக்குப் பத்து" என்று வரும். பத்து ரூபாதானே என்று தோன்றும். அது மாதத்துக்குப் பத்து. 10,000 ரூபா எடுத்தால் மாதம் 1,000 வட்டி. ஒரு வருடத்தில் 12,000 கட்டியிருப்போம், முதல் 10,000 அப்படியே நிற்கும். ஆண்டுக்கு 120 வீத வட்டி என்று அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் கண் திறக்கும்.

குழுக் கடனில் இன்னொரு சூட்சுமம் உண்டு. 50,000 ரூபாவுக்கு வருடம் 24 வீதம் என்று சொல்லி, 12,000 வட்டியையும் சேர்த்து 62,000ஐ 52 கிழமையில் கட்டச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிழமைக்குக் கிழமை முதலும் குறைந்துகொண்டுதானே போகிறது? ஆனால் வட்டியை முழு 50,000க்கும் போட்டுவிட்டார்கள். உண்மையில் நாம் கட்டும் வட்டி சொன்னதைவிட இரண்டு மடங்குக்குக் கிட்ட வந்துவிடும். தவணைக்கு டீவி எடுப்பதும் இதே மாதிரிதான். மாதம் 3,500 வீதம் 18 மாதம் என்றால் 63,000. காசு கொடுத்து எடுத்தால் 42,000க்குக் கிடைக்கிற பொருள் என்றால், அந்த 21,000 எதற்காகப் போகிறது என்று கையெழுத்து வைக்கும் முன் கேட்க வேண்டும். அடகுச் சீட்டின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, மீட்கக் கடைசித் திகதி எது என்று வாசிப்பதும் ஒரு பாடம்தான்.

இன்றைக்கு இன்னொரு விஷயமும் சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. வங்கியில் இருந்து பேசுகிறோம் என்று சொல்லி, போனுக்கு வந்த இரகசிய எண்ணைக் கேட்பார்கள். அந்த எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. வங்கியில் இருப்பவர்கள் அதைக் கேட்கவே மாட்டார்கள். இதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை பாட்டிக்குச் சொல்லிக் கொடுக்கும்.

உயிரைக் காக்கும் பாடம்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நம்மில் யாரும் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடம் முன்னமே எச்சரித்திருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது மலையகம் முழுக்க மறுபடியும் மண் சரிந்தது. பாதுகாப்பான காணியும் வீடும் கொடுக்க வேண்டியது பெரியவர்களின் பொறுப்பு. அதைப் பிள்ளைகளின் தலையில் வைக்க முடியாது. ஆனால் அறிகுறியைக் கண்டுகொள்ளத் தெரிந்த ஒரு பிள்ளை ஒரு லயத்தையே எழுப்பிவிடலாம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறத்தில் கொடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் கிளம்ப ஆயத்தமாக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் கவனம், 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்பது அவர்களுடைய பொதுக் கணக்கு. ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டியதுதான்.

இதை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கம் நேராக உள்ள ஒரு டின்னை வெட்டவெளியில் வைத்து, மறுநாள் அதே நேரத்துக்கு அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தை அளந்தால் போதும். ஏழரை சென்ரிமீற்றர் இருந்தால் அது 75 மில்லிமீற்றர். பாடசாலை முற்றத்தில் ஒரு டின்னை வைத்து, மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகள் குறித்துவைத்தால் அளவை, வரைபு, புவியியல் மூன்றும் ஒன்றாகப் படித்த மாதிரி. அதோடு நிலத்திலும் சுவரிலும் புதிதாக வெடிப்பு, மரமும் கம்பமும் சாய்வது, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வருவது, வராத இடத்தில் தண்ணீர் வருவது ஆகியவைதான் அறிகுறி என்று மனதில் பதிய வேண்டும். டின்னில் அளவு குறைவாக இருந்தாலும் அறிகுறி தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

அவசர அம்புலன்ஸ் சேவையின் எண் 1990. இந்த எண் நிறையப் பேருக்குத் தெரியும். ஆனால் கூப்பிட்டால் அங்கே முதலில் கேட்பது "எங்கே?" என்பதுதான். நம் லயங்களுக்குச் சரியான முகவரி கிடையாது. அந்தப் பதற்றத்தில் "எங்க வீட்டுக்கு வாங்க" என்றால் எப்படி வருவார்கள்? கிட்டிய டவுன், தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்தின் இலக்கம், வண்டி எதுவரை வரலாம், அங்கே யார் நிற்பார் என்று ஒழுங்காகச் சொல்லப் பழக வேண்டும். இதைத் தமிழிலும் சிங்களத்திலும் வகுப்பில் இரண்டிரண்டு பேராகப் பேசிப் பழகலாம். மலையில் குளவி கொட்டி மூச்சுத்திணறும் தாய்க்கு அந்த இரண்டு நிமிடம் பெரிது. அதேபோல, வயிற்றோட்டம் வந்தால் ஜீவனிப் பக்கெட் ஒன்றை முழுவதுமாக ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைக்க வேண்டும், பாதிப் பக்கெட்டை ஒரு கோப்பையில் கரைக்கக் கூடாது, 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிஞ்சியதை ஊற்றிவிட வேண்டும் என்பதைப் பிள்ளைகள் கையாலேயே செய்து பார்க்கட்டும்.

எழுதவும் பேசவும்

தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதும் பயிற்சி இருக்கிறது. "சுற்றுலா சென்றதைப் பற்றி நண்பனுக்குக் கடிதம்" என்று எழுதுகிறார்கள். அதோடு, லயத்தின் கூரை ஒழுகுவதைப் பற்றித் தோட்ட முகாமையாளருக்கும், தெருவிளக்கைப் பற்றிப் பிரதேச சபைக்கும் ஒரு கடிதம் எழுதட்டும். திகதி போட வேண்டும், விஷயத்தை ஒரே வரியில் சொல்ல வேண்டும், மரியாதையாக எழுத வேண்டும், ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். வாயால் பத்துத் தரம் சொன்னதைவிட எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்துக்குப் பலம் அதிகம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஆகவே தமிழில் எழுதிக் கொடுக்க நமக்கு உரிமை உண்டு. அதே நேரம் ஆஸ்பத்திரியிலும் பொலிசிலும் பஸ்ஸிலும் தடுமாறாமல் பேசும் அளவுக்குச் சிங்களமும் தெரிந்திருப்பது பிள்ளைக்கு நல்லது. அதற்குத்தான் இரண்டாம் மொழிப் பாடம் இருக்கிறது.

ஆசிரியர் மேல் மட்டும் பாரத்தைப் போடலாமா?

ஆசிரியர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். "அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில், ஓ.எல். என்று நேரமே இல்லை. இதற்கு வேறு பாடமா?" என்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. அதனால்தான் வேறு பாடம் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. 1997இல் தொடங்கிய கல்விச் சீர்திருத்தங்களின் வழியாக வாழ்க்கைத் தேர்ச்சி என்ற பாடமும் இடைநிலை வகுப்புகளுக்கு வந்தது. 2017இல் தொடங்கிய 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டத்தில் ஓ.எல். சித்தியடையாத பிள்ளைக்கும் தொழிற்பிரிவில் தொடர்ந்து படிக்க வழி செய்தார்கள். காகிதத்தில் வழி இருக்கிறது. அதற்குள் நம் தோட்டத்துச் சம்பளத் துண்டும் நம் மலையும் வர வேண்டும், அவ்வளவுதான்.

தொழில் படிப்பு என்றால் அதையும் முறையாகச் செய்ய வேண்டும். மின்சார இணைப்பு, குழாய் வேலை, தையல் எதுவாக இருந்தாலும் கடைசியில் என்.வி.க்யூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா என்று சேரும் முன்பே கேளுங்கள். வேலை செய்தே தொழில் பழகியவர்களும் தங்கள் திறமையைக் காட்டி அந்தச் சான்றிதழைப் பெற ஏற்பாடு இருக்கிறது. பாடசாலையைச் சுற்றிப் புல் வெட்டச் சொல்லிவிட்டு அதைச் செயன்முறைப் பாடம் என்று யாராவது சொன்னால் பெற்றோர் கேள்வி கேட்கலாம். 16 வயது வரைக்கும் பாடசாலைக் கல்வி 2016 முதல் கட்டாயம். வேலைக்குச் சேர்க்கும் ஆகக்குறைந்த வயதும் 2021 முதல் 16. "தொழில் பழகட்டும்" என்று சொல்லி 14 வயதில் கொழும்புக் கடைக்கு அனுப்புவது எந்தப் பாடத்திலும் சேராது.

வீட்டுக்கும் பங்கு இருக்கிறது. நம் தாய்மார் விடியற்காலை எழுந்து சமைத்து, பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, பிள்ளை மடுவத்தில் குழந்தையை விட்டுவிட்டு மலைக்குப் போகிறார்கள். பின்னேரம் வந்து மறுபடியும் அடுப்படி. இதில் வீட்டு வேலை பழகுவது பெண்பிள்ளை மட்டும்தான். ஆண்பிள்ளைக்குச் சோறு வடிக்கவும், தன் சட்டையைத் துவைக்கவும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் தெரிய வேண்டும். அதற்குப் பாடசாலை தேவையில்லை. அடுப்படியே போதும். அக்கா கூட்டிப் பெருக்கும் நேரத்தில் தம்பி படிப்பதும், பரீட்சை வந்ததும் "பொம்பளப் புள்ள கணக்குல வீக்கு" என்று சொல்வதும் சரியா என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த மாதமே தொடங்கக்கூடியவை

1. அடுத்த பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில், தவணைக்கு ஒரு தடவையாவது சம்பளத் துண்டுக் கணக்கை வகுப்பில் செய்ய முடியுமா என்று அதிபரிடம் மரியாதையாகக் கேளுங்கள். சொந்தத் துண்டைக் காட்ட விரும்பாதவர்கள் இருப்பார்கள். ஆகவே பெயர் இல்லாத மாதிரித் துண்டு ஒன்றைப் பாவிக்கலாம்.

2. சம்பளத் துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு கொப்பியில் மாதவாரியாக ஒட்டி வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

3. வீட்டில் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஈ.பி.எப். எண் மூன்றையும் ஒரு நாள் பாயில் பரப்பி, பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஓய்வு பெறும் வரை காத்திருக்காமல் இப்போதே நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். புதிதாகப் பிறந்த குழந்தைக்கு 42 நாளுக்குள் பிறப்பைப் பதியுங்கள். எழுதிய பெயரை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

4. 1990, 117 ஆகிய எண்களோடு, சிறுவர் உதவிக்கான 1929, பெண்கள் உதவிக்கான 1938 ஆகியவற்றையும் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள். உங்கள் டிவிஷன், லயத்தின் இலக்கம் இரண்டையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

5. தோட்டத்தில் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ பாரம் நிரப்பவும் கடிதம் எழுதவும் பழக்கிக் கொடுக்க முன்வரும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பாரங்களின் பிரதிகளை நலன்புரி அலுவலகத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் சொன்ன அந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் நமது பதில் இதுதான். டவுன் பிள்ளை படிக்கும் எல்லாவற்றையும் நம் பிள்ளையும் படிக்க வேண்டும், அதில் ஒரு எழுத்துக்கூடக் குறையக் கூடாது. அந்தப் படிப்பால் தன் தாயின் சம்பளத் துண்டை வாசிக்கவும் நம் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். நாளைக்கு அது டொக்டராகப் போகலாம், ஆசிரியராகப் போகலாம், இதே தோட்டத்திலேயே வேலை செய்யலாம். எங்கே போனாலும் தனக்குக் கொடுக்கும் காகிதத்தை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்கும் ஆளாக இருக்க வேண்டும். அதற்குப் பாடசாலையும் வீடும் நாமும் சேர்ந்து வேலை செய்வோம்.